பூர்வகுடிகளோடு சேர்ந்து ஒரு நிலத்தை வடிவமைப்பது எப்படி நடக்கிறது?

ஆஸ்திரேலியாவிலோ கனடாவிலோ நியூசிலாந்திலோ ஒரு புதிய பண்பாட்டு மையம் திறக்கப்பட்டால், செய்தியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: பூர்வகுடி மக்களோடு இணைந்து வடிவமைக்கப்பட்டது. கூடவே வரும் படத்தில் சுவரில் புள்ளி ஓவியம், நடைபாதையில் பாம்பு போல ஒரு வளைவு, வாசலில் அந்த மண்ணின் செடிகள் நாலைந்து. பார்ப்பவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: அவர்களுடைய ஓவியத்தையும் செடிகளையும் வடிவமைப்பில் சேர்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. கட்டடக்கலை படிக்கும் மாணவர்களிடம் கேட்டாலும் ஏறக்குறைய இதே பதில்தான் கிடைக்கிறது.

எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. ஓவியமும் செடியும் வேலையின் கடைசியில் கண்ணுக்குத் தெரிகிற மேல்தோல் மட்டுமே. மையம் எந்த இடத்தில் வரவேண்டும், எந்தப் பக்கம் பார்க்கவேண்டும், எதைக் காட்டவேண்டும், எதைக் காட்டக் கூடாது, திறந்த பிறகு யார் நடத்துவது என்பதையெல்லாம் முடிவு செய்தது யார்? இந்தக் கேள்வியை விட்டுவிட்டால் இணைந்து செய்தோம் என்ற பேச்சுக்குப் பொருளே இல்லை.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். நிலவடிவமைப்பு என்றால் கட்டடத்துக்கு வெளியே உள்ள எல்லாவற்றையும் யோசித்து அமைப்பது: பாதை, மேடு பள்ளம், மழைத்தண்ணீர் ஓடும் வழி, மரம், நிழல், உட்காரும் இடம், வண்டி நிறுத்தும் இடம். லேண்ட்ஸ்கேப்பிங் என்றதும் புல்தரையும் குரோட்டன்ஸ் தொட்டியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அது இந்த வேலையின் மிகச் சிறிய மூலை. பண்பாட்டு மையம் என்பது ஒரு சமூகம் தன் கதையையும் கலையையும் சடங்கையும் தன் பிள்ளைகளுக்குக் கைமாற்றவும், விரும்பினால் வெளியாருக்குச் சொல்லவும் வைத்திருக்கும் இடம். அருங்காட்சியகம் பெரும்பாலும் பொருளைக் காக்கிறது. இங்கே புழக்கத்தைக் காக்கவேண்டும்.

காலியாகத் தெரியும் இடம்

ஒரு கிராமத்துக் குலதெய்வக் கோயிலை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் பொட்டல். ஒரு வேம்பு, நட்டுவைத்த வேல்கள், மண்குதிரை இரண்டு. வெளியூர் என்ஜினியர் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து, இந்த இடத்தை நன்றாக ஆக்கித் தாருங்கள் என்றால், அவர் நல்ல மனதோடுதான் செய்வார். சுற்றுச்சுவர் எழுப்புவார், தரைக்கு டைல்ஸ் போடுவார், வேம்பின் ஒரு கிளையை வெட்டி மின்விளக்குக் கம்பம் நடுவார். அந்தப் பொட்டலில் எந்த வீட்டார் எங்கே பொங்கல் அடுப்பு கூட்டுவார்கள், சாமியாடி எந்தத் திசையிலிருந்து வருவார், வேம்பை ஏன் யாரும் ஒடிப்பதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அதனால் அவர் கண்ணுக்கு அது காலி இடம். எல்லாம் முடிந்த பிறகு பங்காளிகளைக் கூப்பிட்டு, சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டால், சேர்ந்து செய்த வேலை ஆகிவிடுமா?

உலகெங்கும் பூர்வகுடி நிலங்களில் நடந்த பெரும்பாலான கட்டுமானங்களின் கதை இதுதான். ஒரு பெரிய வேறுபாடு மட்டும் உண்டு. கோயில் நிலம் இன்னும் பங்காளிகளிடம் இருக்கிறது. பூர்வகுடிகள் பலரிடமிருந்து நிலமே பறிக்கப்பட்டுவிட்டது. நம் உதாரணம் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று புரிய உண்மையான ஒரு மையத்தைத்தான் பார்க்கவேண்டும்.

உலுருவில் வரிசை மாறியது எப்படி

நடு ஆஸ்திரேலியாவின் செம்மண் பாலையில் உலுரு என்ற மாபெரும் பாறை இருக்கிறது. அந்த நிலத்தின் மக்கள் அனங்கு. சுற்றுலா வளர வளர, பாறையின் அடிவாரத்திலேயே தங்கும் விடுதிகளும் கூடார முகாமும் வந்து நிலம் பாழாகத் தொடங்கியது. 1984இல் அவற்றைப் பூங்கா எல்லைக்கு வெளியே யுலாரா என்ற புதிய ஊருக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு, 1985 அக்டோபர் 26 அன்று, நிலத்தின் உரிமை சட்டப்படி அனங்குகளிடம் திரும்பி வந்தது. 99 ஆண்டுக் குத்தகைக்குத் தேசியப் பூங்கா நிர்வாகத்திடம் திரும்ப விடவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அது வந்தது. ஆனால் பூங்காவை நடத்தும் குழுவில் அனங்குகளுக்கே பெரும்பான்மை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், 1990களில் அங்கே பண்பாட்டு மையம் கட்டும் பேச்சு எழுந்தபோது அனங்குகள் கருத்துச் சொல்ல அழைக்கப்பட்ட விருந்தாளிகள் இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர்கள். கட்டடக்கலைஞர் கிரெகரி பர்ஜஸ், நிலவடிவமைப்பாளர் கெவின் டெய்லர் ஆகியோரின் குழு பாறைக்கு அருகே இருக்கும் முட்டிஜுலு குடியிருப்புக்குப் போய்த் தங்கி, பெரியவர்களோடு நிலத்தில் நடந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டது.

அனங்குகள் தாங்கள் நினைத்ததை மணலில் வரைந்தும் ஓவியமாகத் தீட்டியும் காட்டினார்கள். மணலில் வரைவது அந்தப் பாலை மக்களுக்குப் பழகிய பேச்சு முறை. உட்கார்ந்த இடத்தில் மணலைக் கையால் தடவிச் சமப்படுத்தி, விரலால் கோடும் வளையமும் இழுத்து, யார் எங்கிருந்து வந்தார், எங்கே தங்கினார், தண்ணீர் எங்கே என்று சொல்லிக்கொண்டே போவார்கள். அடுத்த பகுதிக்கு வந்ததும் மணலை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார்கள். வெளியிலிருந்து வரும் வடிவமைப்பாளர் இந்த இடத்தில்தான் பாடம் படிக்கிறார். அவருக்குப் பழக்கமான வரைபடம் மேலே பறந்தபடி நிலத்தைப் பார்க்கிறது. மணலில் விழும் கோடு நிலத்தின் மேல் நடந்துபோகிறது.

அந்தக் கோடுகளிலிருந்து பிறந்ததுதான் மையத்தின் உருவம். ஜுக்குர்ப்பா என்பது அனங்குகளின் வாழ்வுக்கு அடிப்படை. உலகம் உருவான கதை, நடந்துகொள்ளவேண்டிய முறை, நிலத்தைப் பேணும் சட்டம் மூன்றும் அதில் ஒன்று. அதில் வெளியாருக்கும் சொல்லப்படும் ஒரு கதையில், குனியா என்ற மலைப்பாம்புப் பெண் தன் முட்டைகளோடு உலுருவுக்கு வருகிறாள். அவளுடைய மருமகனை லிரு என்ற விஷப்பாம்பு வீரர்கள் தாக்குகிறார்கள். குனியா கோபம் கொண்டு லிரு ஒருவனை எதிர்கொண்டு அடிக்கிறாள். அந்தச் சண்டையின் தடயங்கள் பாறையிலேயே இருக்கின்றன. நடக்கும்போது அவற்றைக் காட்டித்தான் கதை சொல்வார்கள். மையத்தின் இரண்டு கட்டடங்கள் இந்த இரண்டு பாம்புகள். வளைந்து நெளிந்து ஒன்றை ஒன்று பார்த்தபடி கிடக்கின்றன. நடுவே திறந்த வெளி. சுவர்கள் அந்த மண்ணிலேயே செய்த மண்கற்கள்.

நிலவடிவமைப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், முதலில் மையம் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. பாறையை ஒட்டிக் கட்டாமல், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள். வண்டியை நிறுத்திவிட்டு அந்த நிலத்துக்கே உரிய புதர்களுக்கும் மரங்களுக்கும் நடுவே நடந்துதான் உள்ளே போகவேண்டும். பூச்செடி வரிசையும் புல்தரையும் கிடையாது. பாறையைப் பார்க்க ஓடுவதற்கு முன்னால், இது யாருடைய வீடு என்று தெரிந்துகொள்ளும்படி வருபவரின் வேகத்தை அந்த நடை குறைக்கிறது. நிலம் திரும்பி வந்த பத்தாம் ஆண்டான 1995இல் மையம் திறக்கப்பட்டது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பாம்பு வடிவம் அலங்காரத்துக்காக வந்ததில்லை. நிலத்தின் உரிமை முதலில் வந்தது, பிறகு நிலத்தில் நடை, பிறகு கதை, பிறகு இடத்தேர்வு, அதற்குப் பிறகுதான் கட்டடம். இந்த வரிசைதான் விஷயம்.

கேட்பதும் சேர்ந்து செய்வதும்

வழக்கமான ஒரு திட்டத்தில் வரிசை நேர்மாறாக இருக்கும். இடம் முடிவாகும், பட்ஜெட் முடிவாகும், கட்டடத்தின் அளவு முடிவாகும். கடைசியில் மிச்சப் பணத்தில் வெளிப்புறம். மக்களிடம் கேட்பதும் அதே கடைசிக் கட்டத்தில்தான் நடக்கும். மூன்று மாதிரி வரைபடங்களைச் சுவரில் ஒட்டிவைத்து, எது பிடித்திருக்கிறது என்பார்கள். இதற்குப் பெயர் கருத்துக்கேட்பு. கேட்பவரிடமே முடிவு இருக்கிறது. சொன்னதை எடுத்துக்கொள்ளலாம், விடலாம்.

இணை வடிவமைப்பு என்பதில் கேள்வியை உருவாக்குவதிலேயே சமூகத்துக்குப் பங்கு இருக்கிறது. இங்கே மையம் வேண்டுமா, வேண்டுமென்றால் யாருக்காக, எந்த இடத்தில் என்பதிலிருந்து பேச்சு தொடங்கும். ஒரு கட்டத்தில் வேண்டாம் என்று சொன்னால் வேலை நின்றாகவேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாத பேச்சு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அது கருத்துக்கேட்புதான். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

அந்த உரிமைக்கு ஒரு முறையான பெயர் இருக்கிறது: சுதந்திரமான, முன்கூட்டிய, விவரம் அறிந்த சம்மதம். மிரட்டலோ ஆசைகாட்டலோ இல்லாமல், வேலை தொடங்கும் முன்பே, எல்லா விவரமும் தெரிந்துகொண்டு தரும் சம்மதம். 2007இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனத்தில் இது இடம்பெற்றிருக்கிறது. நம் நாட்டில் இது எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் ஒடிசாவின் நியாம்கிரி மலையை நினைவுகூரலாம். அது பண்பாட்டு மையம் பற்றியது இல்லை, பாக்சைட் சுரங்கம் பற்றியது. ஆனால் 2013இல் உச்ச நீதிமன்றம் அங்கே கிராம சபைகள் முடிவெடுக்கட்டும் என்றது. டோங்ரியா கோந்த் மக்கள் வாழும் பகுதியில் 12 கிராம சபைகள் கூடின. மலை எங்கள் தெய்வம் என்று சொல்லி 12 சபைகளும் வேண்டாம் என்றன. சம்மதம் என்ற சொல்லுக்குப் பல் முளைப்பது அப்படித்தான்.

செடி என்றால் அலங்காரமா?

அடுத்த தவறான புரிதல் செடிகள் பற்றியது. உள்ளூர்ச் செடிகளை நட்டுவிட்டால் பூர்வகுடி நிலவடிவமைப்பு ஆகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளூர்ச் செடி நல்லதுதான், தண்ணீர் மிச்சமாகும், பறவை வரும். ஆனால் ஒரு தாவரவியல் பூங்காவும் அதைச் செய்யும்.

வாஷிங்டன் நகரத்தில் 2004இல் திறந்த அமெரிக்க இந்தியர் (அதாவது அமெரிக்கப் பூர்வகுடிகள்) தேசிய அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். பெயரில் அருங்காட்சியகம் என்று இருந்தாலும், வடிவமைப்புக்கு முன்பே 1990களின் தொடக்கத்தில் பல பூர்வகுடிச் சமூகங்களோடு கூட்டம் கூட்டமாகப் பேசி, அவர்கள் சொன்னதைத் தொகுத்த பிறகு உருவான இடம். நிலவடிவமைப்பில் முக்கியப் பங்கு டோனா ஹவுஸ் என்ற தாவர அறிஞருடையது. அவர் நவஹோ, ஒனைடா என்ற பூர்வகுடி மரபுகளில் வந்தவர். மக்களுக்கும் செடிகளுக்கும் உள்ள உறவைப் படித்தவர்.

நகரத்தின் மிக முறையான, நேர்கோட்டு வீதிகளின் நடுவே, கட்டடத்தைச் சுற்றி நான்கு விதமான நிலங்களை அங்கே உருவாக்கியிருக்கிறார்கள்: மேட்டுக் காடு, சதுப்பு நிலம், புல்வெளி, விளைநிலம். வெள்ளையர் குடியேறும் முன்பு அந்தப் பகுதி எப்படி இருந்ததோ அதை நினைவூட்டும் அமைப்பு. அந்த இடம் ஒருகாலத்தில் ஈரநிலம்தான். நகரம் வந்து மூடிவிட்டது. ஏறத்தாழ 150 வகைகளைச் சேர்ந்த 33,000க்கும் மேற்பட்ட செடிகளை நட்டார்கள்.

எண்ணிக்கையை விட எனக்கு விளைநிலம் முக்கியமாகப் படுகிறது. அங்கே மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றையும் ஒன்றாக வளர்க்கிறார்கள். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பலர் இவற்றை மூன்று சகோதரிகள் என்பார்கள். மக்காச்சோளத் தண்டு நிமிர்ந்து நிற்கிறது. பீன்ஸ் கொடி அதைப் பிடித்து ஏறுகிறது. பீன்ஸ் வேரில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சத்தாக மாற்றுகின்றன. பூசணியின் அகன்ற இலைகள் தரையை மூடி, களை முளைக்காமலும் ஈரம் காயாமலும் பார்த்துக்கொள்கின்றன. இதை நட்டு அறுத்து விதை எடுத்துவைக்கும் முறை தலைமுறைகளின் அறிவு. ஒருவர் அதைச் செய்துகொண்டே இருந்தால்தான் அது அங்கே உயிரோடு இருக்கும். பெயர்ப்பலகை மாட்டிய செடியால் அது முடியாது.

கற்களையும் அப்படியே அணுகினார்கள். 40க்கும் மேற்பட்ட பெரிய பாறைகள் கனடாவின் கியூபெக் பகுதியிலிருந்து வந்தன. அவற்றைத் தாத்தாக் கற்கள் என்கிறார்கள். மனிதர்களை விட மூத்தவை என்ற மரியாதை. எடுக்கும் முன்பு அந்தப் பகுதிப் பூர்வகுடிகள் சடங்கு செய்து அனுப்பிவைத்தார்கள். கட்டடத்தின் வாசல் கிழக்கே, சூரிய உதயத்தை நோக்கி இருக்கிறது. வாசல் எந்தத் திசை பார்க்கவேண்டும் என்பதைப் பல சமூகங்கள் கூட்டங்களில் வலியுறுத்திச் சொல்லியிருந்தன.

சுருக்கமாகச் சொன்னால், இங்கே செடியும் கல்லும் யாரோடோ உறவுள்ளவை. அந்த உறவு தொடர்வதற்கு, அதாவது நடவும் பறிக்கவும் சடங்கு செய்யவும், இடமும் அனுமதியும் வடிவமைப்பில் இருக்கவேண்டும். பறிக்காதீர் என்ற பலகையை வைத்த அன்றே அந்த உறவு அறுந்துவிடும்.

காட்டாமல் விடுவதும் வடிவமைப்புதான்

பெரும்பாலான வடிவமைப்பாளர்களுக்குப் பிடிபடக் கடினமான பகுதி இது. பண்பாட்டு மையம் என்றால் பண்பாட்டைக் காட்டும் இடம், எவ்வளவு அதிகம் காட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறோம். பல பூர்வகுடிச் சமூகங்களில் அறிவு எல்லாருக்கும் பொதுவானது இல்லை. சில கதைகள் பெண்களுக்கு மட்டும், சில ஆண்களுக்கு மட்டும், சில உரிய வயது வந்து உரிய சடங்கு முடித்தவர்களுக்கு மட்டும். உலுருவின் அடிவாரத்தைச் சுற்றி நடக்கும்போது சில பகுதிகளில் படம் எடுக்கவேண்டாம் என்ற அறிவிப்பு இருக்கும். அந்தப் பாறையின் ஒவ்வொரு வடுவும் மடிப்பும் அனங்குகளுக்கு வேதம் போன்றது. அதை எங்கே, யார் பார்க்கலாம் என்று ஒழுங்கு உண்டு. அந்த இடத்துக்கு வெளியே ஒரு படமாக அது சுற்றக் கூடாது.

இது வரைபடத்தில் எப்படி வரும்? ஒரு பாதை நேராகப் போகாமல் வளைந்து விலகும். ஓர் இடத்தில் புதர் அடர்ந்திருக்கும், மேடு மறைக்கும், உட்காரும் பலகை வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஆண்கள் கூடும் இடமும் பெண்கள் கூடும் இடமும் ஒன்றின் பார்வையில் ஒன்று படாமல் இருக்கும். ஏன் என்று வடிவமைப்பாளருக்குச் சொல்லவேண்டிய அவசியம்கூடச் சமூகத்துக்கு இல்லை. இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்டுத் துளைக்காமல் அந்த வெற்றிடத்தை அப்படியே ஏற்று, அதைச் சுற்றி யோசிப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

இதோடு சேர்ந்ததுதான் பண்பாட்டு அறிவுரிமை. ஒரு சமூகத்தின் கதை, வடிவம், பாடல், மருந்துச்செடி பற்றிய அறிவு ஆகியவற்றின் மீது அந்தச் சமூகத்துக்கு உள்ள உரிமை. நான் முன்பு சொன்ன 2007 பிரகடனத்தின் 31ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. நடைமுறையில் வரும் சிக்கல் இப்படிப்பட்டது: ஒரு பெரியவர் ஒரு திட்டத்துக்காக ஒரு கதையைச் சொல்கிறார், அதை வைத்து நடைபாதை அமைகிறது. அடுத்த ஆண்டு அதே நிறுவனம் வேறொரு ஊரில் வணிக வளாகத்துக்கு அதே வடிவத்தைப் போடலாமா? கூடாது. கதை கொடுத்தது அந்த ஓர் இடத்துக்கு மட்டும். ஒப்பந்தத்திலேயே இதை எழுதி வைப்பதுதான் முறை. வாய்ப்பேச்சில் விட்டால் நஷ்டம் எப்போதும் ஒரு பக்கத்துக்கே.

சமூகம் என்பது ஒற்றைக் குரல் இல்லை

பசிபிக் கடலில் பிரான்சின் ஆட்சியில் இருக்கும் நியூ கலிடோனியாவின் பூர்வகுடிகள் கனக் மக்கள். அவர்கள் ஓர் இனம் என்றாலும் மொழிகள் மட்டும் 28 அளவில் இருக்கின்றன. தலைநகர் நூமியாவில் ஒரு மையம் கட்டினால் அது யாருடைய மொழியில், எந்தப் பகுதியின் வழக்கப்படி இருக்கும்? கனக் விடுதலை இயக்கத்தின் தலைவர் ஜான்-மாரி ஜிபாவு 1989இல் கொல்லப்பட்டார். அவர் பெயரில் 1998இல் திறந்த மையத்தை வடிவமைத்தவர் இத்தாலியரான ரென்சோ பியானோ. கனக் சமூகத்தைப் பல்லாண்டு ஆய்ந்த மானிடவியலாளர் அல்பான் பென்சா உடனிருந்தார். மரத்தால் ஆன பத்துப் பெரிய கூடுகள் கனக் குடில்களை நினைவூட்டியபடி வரிசையாக நிற்கும். உலகம் முழுக்க அந்தப் படத்தைத்தான் பார்த்திருக்கிறது.

படத்தில் அதிகம் வராத பகுதி அதன் தோட்டப் பாதை. கனக்குகளின் முதல் மனிதனான தேயா கனாக்கேயின் கதையை அந்தப் பாதை ஐந்து கட்டங்களாகச் சொல்கிறது: உயிர்களின் தோற்றம், உணவு தரும் நிலம், முன்னோர் நிலம், ஆவிகளின் நாடு, மறுபிறப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய செடிகள் இருக்கின்றன. உணவு தரும் நிலத்தில் கனக் வாழ்வின் மையமான வள்ளிக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் இருக்கும். குழந்தையை அழைத்துக்கொண்டு நடந்தால் கதை காலடியில் விரியும். என் கணிப்பில் அந்தக் கூடுகளை விட இந்தப் பாதைதான் மையத்தின் உயிர்.

ஆனாலும் எல்லாக் கனக்குகளும் மகிழ்ந்துவிடவில்லை. பிரெஞ்சு அரசின் பணம், ஐரோப்பியக் கலைஞர், வெள்ளையர் அதிகம் வாழும் நகரம், இது எப்படி எங்களுடையது ஆகும் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நியாயமான கேள்வி. வாஷிங்டனிலும் உரசல் இருந்தது. அங்கே அருங்காட்சியகத்தின் முதல் வடிவமைப்பைச் செய்த, பிளாக்ஃபூட் என்ற பூர்வகுடி மரபினரான டக்ளஸ் கார்டினல் 1998இல் ஒப்பந்தத் தகராறில் விலக்கப்பட்டார். அதன் பிறகு டோனா ஹவுஸ் உள்ளிட்ட பூர்வகுடி வல்லுநர்கள் வேலையை முன்னெடுத்துச் சென்றார்கள்.

ஆகவே யாரிடம் பேசுவது என்பதே பெரிய வேலை. பதவியில் இருக்கும் தலைவருக்கு நிலத்தின் கதை தெரியாமல் இருக்கலாம். கதை தெரிந்த பாட்டி கூட்டத்துக்கே வராதவராக இருக்கலாம். இளைஞர்களுக்கு வேறு ஆசைகள் இருக்கும். ஒரு சாவு விழுந்தால் பேச்சு பல வாரம் நின்றுபோகும். அதற்கு ஒப்பந்தத் தேதிகளில் இடம் விட்டிருக்கவேண்டும். அப்புறம், நேரம் கொடுக்கும் பெரியவர்களுக்குச் சம்பளம். கட்டட ஆலோசகருக்கு மணிக்கணக்கில் பணம் தரும் நிறுவனம், நிலத்தின் ஆலோசகருக்கு டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினால் அது மரியாதை இல்லை.

பழமையை உறையவைப்பதா?

பூர்வகுடி மையம் என்றாலே மண்ணும் ஓலையும் மட்டும் இருக்கவேண்டும், கண்ணாடி வந்தால் கலப்படம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. நம் ஊர்ப் பழங்குடிகளைப் பற்றிப் பேசும்போதும் நாம் இதைச் செய்கிறோம். அவர்கள் கையில் செல்போன் இருந்தால் ஏமாந்தது போல உணர்கிறோம். ஜிபாவு இதற்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்: எங்கள் அடையாளம் எங்களுக்கு முன்னால் இருக்கிறது என்பது அவருடைய புகழ்பெற்ற கருத்து.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஓசோயூஸ் பூர்வகுடிச் சமூகம் தனக்குச் சொந்தமாக நடத்தும் இன்கமீப் பாலைவனப் பண்பாட்டு மையம் 2006இல் திறந்தது. அங்கே மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்கிக் கட்டிய சுவர் ஏறத்தாழ 80 மீட்டர் நீளம். பழைய உத்தியின் நவீன வடிவம். சிமென்டும் நிறமியும் சேர்த்துக் கட்டியது. கட்டடத்தின் ஒரு பகுதி நிலத்துக்குள் புதைந்து, கூரைமேல் அந்த நிலத்தின் செடிகளே வளர்கின்றன. பின்னால் வளர்ந்துவரும் நகரத்தைச் சுவர் மறைத்து, பார்வையைப் பாலை நிலத்தின் பக்கம் திருப்புகிறது. அந்த நிலத்தில் விரியன் வகைக் கிலுகிலுப்பைப் பாம்புகள் உண்டு. அவற்றைப் பிடித்து அடையாளமிட்டுத் திரும்ப விட்டு ஆராயும் வேலையும் மையத்தோடு சேர்ந்தே நடந்திருக்கிறது. வேறு இடமாக இருந்தால் முதல் வேலையாகப் பாம்புகளை விரட்டியிருப்பார்கள்.

திறப்பு விழாவுக்கு அப்புறம்

கட்டடத்துக்கு முடிவுத் தேதி உண்டு, நிலத்துக்குக் கிடையாது. திறப்பு விழா முடிந்ததும் வடிவமைப்பாளர் விமானம் ஏறிவிடுவார். செடிக்குத் தண்ணீர் விடுவது, பாதையில் மண் சரிந்தால் கொத்துவது, கதை சொல்வது எல்லாம் மீதம். இதற்கு ஆளும் பணமும் எங்கிருந்து வரும் என்பது முதல் நாள் பேச்சிலேயே இருக்கவேண்டும். பல மையங்கள் திறந்த சில ஆண்டுகளில் சோர்ந்துபோவது இதை மறப்பதால்தான்.

நியூசிலாந்தின் டானியாடுவா ஊரில், அந்த நாட்டுப் பூர்வகுடிகளான மவோரிகளில் ஒரு பிரிவினரான டூஹோய் மக்கள் 2014இல் திறந்த தே குரா வாரே என்ற கட்டடத்தில் பணம் கொடுத்தவர்களும் முடிவெடுத்தவர்களும் அவர்களே. அவர்களுடைய அலுவலகமும் நூலகமும் கூடும் இடமும் அதுதான். மண்கற்களைத் தங்கள் கையாலேயே செய்தார்கள். கழிவுநீரைச் செடிகளின் வழியே சுத்தம் செய்யும் அமைப்பு வளாகத்திலேயே இருக்கிறது. கட்டியவர்களே பராமரிப்பவர்களாக இருந்தால் ஒரு சுவர் விரிசல் விட்டாலும் எந்தக் கலவையில் பூசுவது என்று தெரியும்.

உலுருவில் பராமரிப்பின் முக்கியக் கருவி நெருப்பு. அனங்குகள் குளிர்ந்த பருவத்தில் சிறு சிறு துண்டுகளாக நிலத்தைக் கொளுத்துவார்கள். காய்ந்த புல் குவியாமல் போகும், எரிந்த துண்டில் புதுத் தளிர் வரும், எரியாத துண்டில் சிறு விலங்குகள் ஒதுங்கும். அவர்கள் நிலத்திலிருந்து விலக்கப்பட்ட காலத்தில் இந்த வழக்கம் நின்றுபோனது. காய்ந்த புல் சேர்ந்து, 1976இல் பெருந்தீ பூங்காவின் பெரும்பகுதியை எரித்தது. அதன் பிறகுதான் பூங்கா நிர்வாகம் அனங்குகளின் முறையைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டது. இன்று பூங்கா ஊழியர்களும் அனங்குகளும் சேர்ந்து திட்டமிட்டு எரிக்கிறார்கள்.

அனங்குகள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த இன்னொன்றும் நடந்தது. பாறைமீது ஏறாதீர்கள் என்று அவர்கள் வேண்டிக்கொண்டே இருந்தார்கள். மையத்துக்கு வருபவர்களிடமும் அதைத்தான் சொன்னார்கள். 2017இல் பூங்காக் குழு ஏறுவதை நிறுத்த முடிவெடுத்தது. 2019 அக்டோபர் 26 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. பாறையில் பதித்திருந்த சங்கிலிப் பிடிகளையும் கழற்றி எடுத்துவிட்டார்கள்.